சாமி சுருட்டு அணையும் வரைக்கும்

வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்ததும் பிரகாரத்துத் தூண் நிழலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் என் வயதுக்காரிகளே, போன வாரம் நீங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மீஞ்சூர் பக்கம் பார்சல் குடோனில் வேலை பார்க்கும் பேரன் சட்டையில் சிகரெட் வாசனை அடிக்கிறதென்று ஒருத்தி அழுதாள். சினிமாதான் காரணம் என்றாள் ஒருத்தி. சேர்க்கை சரியில்லை என்றாள் இன்னொருத்தி. எல்லாம் இந்த செல்போன் செய்கிற வேலை என்று முடித்தாள் நம்மில் மூத்தவள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ இன்னாமே வாயத் தொறக்காம குந்திகினு கீற?" என்று கேட்டீர்கள். நான் விபூதியை இட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது, பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பீடி பிடித்த கதை இது. பிடித்தது கொஞ்ச மாதம் மட்டும்தான்.

அப்போது எங்கள் வீடு திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. சந்து முடிகிற இடத்தில் அரசமரத்தடியில் முனீஸ்வரன். மண்ணால் பிடித்து வர்ணம் பூசிய சாமி. மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடும். கண்ணை நேராகப் பார்க்க எங்களுக்குத் தைரியம் கிடையாது. வாய் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். சாமி சுருட்டுக்கான ஓட்டை அது.

வெள்ளிக்கிழமை பூசைக்கு அண்ணனும் நானும் முன்னால் போய் நின்றுவிடுவோம். பூசாரி சுருட்டை வாயில் வைத்துப் பற்றவைக்க மாட்டார். சாமி பொருளில் எச்சில் படக்கூடாது. கற்பூரச் சுடரில் நுனியைக் காட்டி, பனை விசிறியால் விசிறி, சிவந்ததும் சாமி வாயில் செருகுவார். அப்புறம் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். கடல் பக்கமிருந்து காற்று வரும். கங்கு பளிச்சென்று சிவக்கும். காற்று நிற்கும், சாம்பல் மூடும். மறுபடி சிவக்கும். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிற சாமி என் கண் முன்னால் மூச்சு விடும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, அண்ணன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். அது காற்று செய்கிற வேலை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்தக் காற்றை அனுப்புகிறவர் யார் என்பதும் தெரியும். அதனால் அந்தப் புல்லரிப்பு இன்னும் குறையவில்லை.

எங்கள் நைனாவுக்குத் தீப்பெட்டி ஃபேக்டரியில் வேலை. ஊருக்கெல்லாம் நெருப்பு செய்கிற மனிதர் வாயில் ஒரு நாளும் புகை வந்ததில்லை. அங்கே கேட்டிலேயே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். குச்சி, மருந்து எல்லாம் இருக்கிற இடம், பீடி ஆகாது. வேலை தொடங்க ஒரு சங்கு, டீக்கு ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு. சங்கு ஊதினால் யாராக இருந்தாலும் கையை உதறிவிட்டு உட்காரலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். கிழிந்துபோன தீப்பெட்டிப் படங்களை நைனா எனக்குக் கொண்டுவந்து தருவார். யானை, கப்பல், கிளி. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ. இப்போதும் தீக்குச்சி உரசினால் நைனா சட்டை வாசனை வரும்.

அண்ணன் பத்தாவது ஃபெயில். ஃபேக்டரியில் ஆள் எடுக்கிற வரைக்கும் என்று, துறைமுகத்து ரயில் பாதைப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் கரி யார்டில் சேர்ந்தான். கூடையில் நிலக்கரியைத் தலைமேல் ஏற்றி, சாய்த்து வைத்த பலகை வழியாக ஏறி, லாரியில் கொட்ட வேண்டும். சாயங்காலம் வந்து நிற்பான் பாருங்கள், கண்ணும் பல்லும்தான் அண்ணன், மீதியெல்லாம் கரி. அம்மா சீயக்காய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, தண்ணீர் கறுப்பாகவே சாக்கடைக்குப் போகும். மழையில் நனைந்த தண்டவாளத்து வாசனை அவன் தலைமுடியில் எப்போதும் இருந்தது.

அதோடு இன்னொரு வாசனையும் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் சுவர் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஒளிக்கவில்லை. வாயைக் குவித்து ஒரு வளையம் விட்டான். புகையில் வளையம்! அது மிதந்து வந்தது. விரலை நீட்டினேன், மோதிரம் மாதிரி விரலில் ஏறிக் கலைந்தது. எனக்கு சாமியைப் பார்த்த மாதிரியே இருந்தது.

"உள்ள போன புகை எப்டிண்ணா திரும்பி வருது?"

"உள்ள எடம் இல்லன்னு வந்துடுது பாப்பா. கரி ரொம்பிகீது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அம்மா ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து பீடிக் கட்டு நூலும் இலைத் தூளும் வந்தன. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கலீஜு பசங்களோட சேர்ந்து எம் புள்ள கெட்டுட்டான்" என்று நைனாவிடம் அழுதாள். நைனா கத்தவில்லை, அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அண்ணனை முனீஸ்வரன் முன்னால் நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து?"

"வேலைக்குப் போனதுலேர்ந்து நைனா."

"யாரு கத்துக் குடுத்தது?"

"யாரும் கத்துக் குடுக்கல. பீடி இல்லன்னா அங்க குந்த முடியாது..."

"குந்தறதுக்கும் பீடிக்கும் இன்னாடா சம்மந்தம்? சாக்கு சொல்லாத. நானும் வேலைக்குப் போயிகினு வர்றவன்தான்."

தட்டில் கற்பூரம் எரிந்தது. அண்ணன் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, "பீடி, சிகரெட்டு, சுருட்டு எதையும் இனிமே வாயில வெக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தான். கை சுட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். "சாமி மட்டும் பிடிக்குதே நைனா?"

"சாமி ஆலகால வெஷத்தையே முழுங்குனவரு. அவர இந்தப் புகை இன்னா பண்ணிடும்?" என்றார் நைனா. அந்த பதில் அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் பீடியைத் தொடவே இல்லை. சாமி சத்தியம் அவனுக்கு அவ்வளவு பெரியது. கத்திரி வெயில் வந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். அண்ணன் சாயங்காலம் வந்து தட்டு முன்னால் உட்காருவான், சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே இருக்கும், தலை தொங்கிவிடும். தூங்கிவிட்டிருப்பான். அம்மா கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியே வரவில்லை, பெரிய கண்ணு என்றாள். நைனாவுக்கோ உள்ளூர சந்தோஷம். "பீடிய வுட்டான்ல, ஒடம்புலேர்ந்து வெஷம் எறங்குது. அசதி அப்டித்தான் இருக்கும்" என்றார். அவ்வளவு அன்பான மனிதர் எவ்வளவு தப்பாகச் சொன்னார் என்பது இப்போது நினைத்தால் திகைப்பாக இருக்கிறது.

அண்ணன் ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "அடுத்த ஜென்மத்துல முனீஸ்வரனா பொறக்கணும் பாப்பா. குந்துன எடத்துலயே குந்திகினு இருக்கலாம்."

ஆனி முடிகிற சமயத்தில் முழங்கால் கிழிந்து வந்தான். கூடையோடு பலகையிலிருந்து விழுந்துவிட்டான். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். கீழே கரிக் குவியல் இருந்ததால் பிழைத்தான், லாரி இருந்த பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அம்மா வேலைக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சினாள். "கேங்குல பேரு போச்சுன்னா அப்பால எந்த யார்டுலயும் எடுக்க மாட்டாங்கோ" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனான். அன்றைக்கு நைனா முகத்தில் முதல் முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. நைனாவுக்கு ஃபேக்டரியில் மிஷின் ரிப்பேர் என்று லீவு. அண்ணனுக்குக் கூழ் கொண்டுபோகலாம் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார்.

கரி யார்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாடி! மலை மலையாகக் கறுப்பு. வெயில் பட்ட இடமெல்லாம் மினுமினுவென்று கண்ணைக் குத்தியது. அந்த மலையைக் கூடை கூடையாகத் தலையில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். மலை குறையவே இல்லை. மனித உடம்பு இதையா செய்கிறது என்று வாய் பிளந்து நின்றேன்.

சிறிது நேரத்தில் மேஸ்திரி விசில் ஊதி, "பீடீ!" என்று கத்தினார். சங்கு மாதிரி, அதுதான் அங்கே சத்தம். ஆண்கள் கூடையைப் போட்டுவிட்டு வேகன் நிழலில் போய்க் குந்தினார்கள். தீக்குச்சி உரசுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. எல்லாம் நைனா ஃபேக்டரிக் குச்சியாகத்தான் இருக்கும். அண்ணன் மட்டும் குந்தவில்லை. கூடை ரொப்புகிற பெண்களும் குந்தவில்லை. அவர்கள் ரொப்ப ரொப்ப அண்ணன் ஒருத்தனே தூக்கிக்கொண்டு பலகை ஏறினான். கிழிந்த முழங்காலை இழுத்து இழுத்து வைத்தான்.

நைனா மேஸ்திரியிடம் போனார். "எம் புள்ள ஏன் குந்தல?"

மேஸ்திரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "பீடி பிடிக்கறவன் குந்தறான். பிடிக்காதவன் இன்னாத்துக்குக் குந்தணும்? சோத்துக்கு வுடுறோம்ல, அப்ப எல்லாரும் குந்தலாம்."

"சும்மா கையில ஒண்ணு வெச்சிகினு குந்தட்டுமே?"

"உனக்கு பீடியப் பத்தித் தெரியாது நைனா. இழுக்கலன்னா அணஞ்சுபூடும். அணஞ்சா எழுந்துக்கணும். நான் கேங்குக்கு வந்தப்பவே இதான் ரூலு. உம் புள்ளயும் பிடிச்சிகினுதான் இருந்தான், இன்னா பேஜாரோ, நிறுத்திட்டான்."

மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு அக்கா சிரித்தாள். "பையனாவது ரெண்டு மாசமா குந்தல. எனக்கு இந்த யார்டுல வேல செஞ்சிகினே ரெண்டு புள்ள பொறந்துச்சு. பொம்பள பீடி பிடிச்சா ஊரு இன்னா சொல்லும்? அதான் எங்களுக்குக் குந்துற நேரமே கெடையாது."

அண்ணன் எங்களைப் பார்த்தான். கூடைக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு சிரித்தான். பல் மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் காலி தூக்குவாளி நைனா கையில் கடகடவென்று ஆடியது. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது, ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லா எடத்துலயும் சங்கு ஊதும்னு நெனச்சுட்டேன் பாப்பா."

மறுநாள் காலையில் குளித்து, ஈர வேட்டியோடு முனீஸ்வரன் முன்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். கடையில் இருப்பதிலேயே தடித்த சுருட்டு ஒன்று வாங்கியிருந்தார். பூசாரி வழக்கம்போல் கற்பூரத்தில் காட்டி, விசிறி, சாமி வாயில் செருகினார். கங்கு சிவந்தது. நைனா கை கூப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் சாமியிடம் பேசினார்.

"நான் புள்ளைகிட்ட வாங்குன சத்தியம் உங்கிட்டயே இருக்கட்டும். அத்தத் திருப்பிக் கேக்க வர்ல. ஆனா அங்க புகை இல்லாதவன் குந்தக் கூடாதாம். நீ கொஞ்சம் வந்து அவங்கூட குந்து சாமி. நீ பிடி. அவன் தொணைக்கு இருப்பான்."

காற்றே இல்லாத காலை அது. சொல்லி முடித்ததும் கங்கு குபுக்கென்று சிவந்தது. நான் பார்த்தேன். பூசாரியும் பார்த்தார். அவர் சுருட்டைச் சாமி வாயிலிருந்து எடுத்து, தேங்காய்த் தொட்டியில் விபூதி பரப்பி, அதன்மேல் வைத்து நைனா கையில் கொடுத்தார்.

நைனா அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தார். துண்டால் ஒரு பக்கம் மறைத்து, காற்றுக்கு ஒரு பக்கம் திறந்து. ரோட்டில் போனவர்கள் ஆடி மாசத்து வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு பெண் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சின்னப் பொட்டு மாதிரி ஒரு நெருப்பு. அதன் பின்னால் நான் தேருக்குப் பின்னால் போகிறவள் மாதிரி போனேன். அந்த நடையை எத்தனை திருவிழாவிலும் திரும்பப் பார்க்கவில்லை.

யார்டில் "பீடீ!" சத்தம் வந்து எல்லாரும் குந்திய நேரம். மேஸ்திரி பார்த்தார்.

"இன்னா நைனா, புள்ளைக்கு சுருட்டு எடுத்துகினு வந்துகீறியா? பீடிய வுட்டவனுக்கு சுருட்டா?"

கேங்கே சிரித்தது.

"புள்ளைக்கு இல்ல. சாமிக்கு. அரசமரத்து முனீஸ்வரன் சுருட்டு. சாமி இங்க குந்திப் பிடிக்கப் போவுது. தொணைக்கு எம் புள்ள குந்தணும்."

சிரிப்பு நின்றது. மேஸ்திரியும் அந்தச் சாமிக்கு வருஷா வருஷம் சேவல் விடுகிறவர்தான். தொட்டியைப் பார்த்தார், நைனாவின் ஈர வேட்டியைப் பார்த்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். சுட்டெரிக்கிற கரியில் வெறுங்காலோடு நின்று, தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அணையற வரைக்கும்" என்றார்.

"அணையற வரைக்கும்" என்றார் நைனா.

வேகன் நிழலில் ஒரு கல்மேல் தொட்டியை வைத்தார்கள். அண்ணன் பக்கத்தில் குந்தினான். அவன் முழங்கால் மடங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. சுருட்டை அவன் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். கடல் காற்று வந்தது, சுருட்டு சிவந்தது, சாம்பல் மூடியது, மறுபடி சிவந்தது. பீடிக்காரர்களின் பீடி தீர்ந்தது. சுருட்டு கால்வாசி கூட எரியவில்லை. அவர்கள் எழுந்துபோய் ஒரு நடை கரி கொட்டிவிட்டு வந்தார்கள். சுருட்டு எரிந்துகொண்டே இருந்தது.

"இன்னாபா சாமி, இவ்ளோ நிதானமா இழுக்குது!" என்றான் ஒருத்தன்.

"அவருக்கு இன்னா, லாரியா காத்துகினு கீது?" என்றார் மேஸ்திரி. அவர் குரலே மாறியிருந்தது.

அப்போது அந்த மண்வாரி அக்கா வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சாமிக்கு ஒருத்தன் தொணை பத்தாது" என்று சொல்லி, கல்லுக்கு அந்தப் பக்கம் குந்தினாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் வந்து குந்தினார்கள். மேஸ்திரி வாயைத் திறந்தார். சுருட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சாமி பிடிக்கும்போது பக்தர்களை எழுப்புவதற்கு அவருக்கும் மனம் வரவில்லை. அண்ணன் தூங்கிவிட்டான், குந்தியபடியே, வாயைத் திறந்துகொண்டு. நைனா அவன் முகத்தில் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து அந்த யார்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் வேலைக்கு வருகிற யாராவது ஒருத்தர் அரசமரத்தடியிலிருந்து சுருட்டு கொண்டு வருவார்கள். விசில் ஊதினால் மேஸ்திரி "பீடி" என்று கத்துவதில்லை, "சாமி" என்று கத்துவார். பீடி பிடிக்கிறவன், பிடிக்காதவன், ஆண், பெண் எல்லாரும் குந்துவார்கள். பழைய பீடிக்காரர்கள் பீடியை விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், அவர்கள் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அதற்கப்புறம் கேங்குக்குப் புதிதாக வந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் பீடி கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள அவசியமே வரவில்லை.

நைனா அண்ணனிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்டதில்லை. அவர் காலத்தில் அப்பன்கள் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சுருட்டு மட்டும் கடைசிவரை அவர் செலவு.

கூடைக்குப் பதில் மிஷின் வந்தது, யார்டும் போயிற்று. முனீஸ்வரனுக்கு இப்போது டைல்ஸ், கம்பிக் கதவு. அண்ணன் ஃபேக்டரிக்குப் போகவே இல்லை, வேறு வேறு யார்டுகளில் கரியோடுதான் காலம் கழித்தான். சத்தியம் செய்த பிறகு ஒரு பீடி, ஒரு சிகரெட் வாயில் வைத்ததில்லை. அப்படியும் வயதானபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் கூட இருந்தேன்.

ஒரு காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சின்னப் பையன். பேரன் வயது இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து, நேற்றைய சட்டையோடு நின்றான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடுகடுவென்று கேட்டான். "எத்தனை வருஷமா பீடி பிடிக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி சொன்னான்: "நான் பிடிக்கல சார். சாமிதான் பிடிச்சுது. நான் தொணைக்குக் குந்திகினு இருந்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. ஏதோ எழுதிக்கொள்ளக் கட்டிலருகே குனிந்தான். அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த வாசனை வந்தது. வெள்ளைக் கோட்டிலிருந்து, சிகரெட் வாசனை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் திருப்பவில்லை. ஊசி ஏற்றியிருந்த கையால் அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நைனா, உனக்கு இங்க குந்தறதுக்கு டைம் குடுக்கறாங்களா?"

பையன் என்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

அண்ணன் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினான்.

"மொதல்ல குந்து. அப்பால என்னத் திட்டு."

அந்தப் பையன் குந்தினான்.